மேல்காற்றில் வந்த பத்துப் பாட்டு

மார்கழி முடிகிற சமயம், போகிக்காக வீட்டில் எல்லாரும் பரணை உருட்டிக்கொண்டிருக்கும்போது, நான் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு தட்டட்டிக்குப் போய்விடுவேன். தட்டட்டி என்பது எங்கள் பக்கத்தில் மாடித் தளம். அங்கே துணி காய்கிற கொடிக்கு அடியில் உட்கார்ந்து, அந்த வருஷம் என் காதில் விழுந்த இசைத்தட்டுகளில் மிகச் சிறந்த பத்தைத் தேர்ந்தெடுத்து, ஒன்று இரண்டு என்று இடம் போட்டு எழுதுவேன். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் காட்டவில்லை. ஆனால் ஹைக்கோர்ட் ஜட்ஜுக்குக்கூட அவ்வளவு பொறுப்பு இருந்திருக்காது. ஒன்பதாவது இடத்துக்கு இரண்டு பாட்டுகள் மல்லுக்கு நின்றதில் ஒரு வருஷம் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இந்தப் பழக்கம் ஐம்பதுகளின் பின்பாதியில், எனக்குப் பதினாறு வயதானபோது ஆரம்பித்தது. இத்தனைக்கும் ஒரு இசைத்தட்டைக்கூட நான் கையால் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் கிராமபோனும் கிடையாது, ரேடியோவும் கிடையாது. அப்பா பத்திரம் எழுதுகிறவர். சினிமாப் பாட்டு கேட்டால் கையெழுத்து கெட்டுப்போகும் என்று உறுதியாக நம்பினார். எப்படிக் கெடும் என்று கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். ஆனால் எங்கள் வீடு தென்காசியின் மேற்கு ஓரத்தில் இருந்தது. அதற்கு அப்புறம் வயல்தான். வயலைத் தாண்டினால் மேலகரம். அங்கே ஒரு கல்யாணம், ஒரு சடங்கு, ஒரு அம்மன் கோயில் கொடை என்றால் தென்னைமரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிடுவார்கள். ஆனி பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கத் தொடங்கிவிட்டால், அந்தக் குழாயிலிருந்து புறப்படுகிற பாட்டு வயல் தாண்டி நேரே எங்கள் தட்டட்டிக்கு வந்து சேரும். காற்றை அப்பா என்ன செய்ய முடியும்?

வந்து சேரும் என்றேனே தவிர, முழுசாக வந்து சேராது. காற்று தூக்கும்போது பாட்டு பக்கத்து வீட்டில் பாடுகிற மாதிரி இருக்கும். அடங்கும்போது வெறும் வயல்தான். முதல் வரி கிடைத்தால் அடுத்துக் கிடைப்பது நாலாவது வரியாக இருக்கும். நடுவில் உள்ளதைக் காற்று தின்றுவிட்டிருக்கும். அதனால் என்ன படம், யார் பாடியது, பாட்டின் தலைப்பு என்ன, ஒன்றும் தெரியாது. நானே பெயர் வைத்துக்கொண்டேன். 'பஸ் பாட்டு' என்று ஒன்று. அதன் நடுவில் ஒரு தடவை செங்கோட்டை பஸ் ஹாரன் அடித்தது, அவ்வளவு பொருத்தமாக. அதற்குப் பிறகு ஹாரன் இல்லாமல் அந்தப் பாட்டைக் கேட்டால் ஏதோ குறைகிற மாதிரியே இருக்கும். 'இருமல் பாட்டு' என்று ஒன்று, மைக்செட்காரர் மைக்கை அணைக்க மறந்து இருமியது. 'கெஞ்சல் பாட்டு' என்று ஒன்று. அதில் பாடுகிறவர் "மறந்தாயோ, மறந்தாயோ" என்று விடாமல் பதினைந்து இருபது தடவை கெஞ்சினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்படி மனசைப் பிழிந்து கொட்டிப் பாட ஒருத்தரா என்று அந்த வருஷம் இரண்டாவது இடம் கொடுத்தேன். தட்டில் கீறல் விழுந்து ஊசி சிக்கிக்கொண்டிருந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

சட்டதிட்டங்களும் வைத்திருந்தேன். ஒரு பாட்டு மூன்று தடவையாவது காதில் விழுந்திருக்க வேண்டும். அது எந்த வருஷம் வெளிவந்தது என்பது எனக்குத் தேவையில்லை, என் தட்டட்டிக்கு வந்த வருஷம்தான் அதன் வருஷம், அடுத்த வருஷம் மறுபடி ஏறக்கூடாது. அழவைத்ததற்காகத் தனியாக மார்க்கு கிடையாது. கெஞ்சல் பாட்டில் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அது.

என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் ஒரு பாட்டு வந்தது. முதலில் ஒரு புல்லாங்குழல், கூப்பிடுகிற மாதிரி. பின்னால் வயலின்கள் மெதுவாக எழும்பும். அப்புறம் ஒரு பெண் குரல், உரக்கப் பாடாமல், காதுக்குப் பக்கத்தில் பேசுகிற அளவுக்குத் தணிந்து வரும். "யாரோ... யாரோ... கண்ணே... என் மடியில்..." இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. மிச்சத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது. நாலு தடவை கேட்டேன், நாலு தடவையும் அதே நாலு சொல்தான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. தனக்கு வரப்போகிறவன் யாரோ, எப்படி இருப்பானோ என்று ஒரு பெண் ஏங்குகிறாள், வந்தால் மடியில் தலை சாய்த்துக்கொள்வாள், இல்லை சாய்க்கச் சொல்வாள். எனக்கு இருபத்திரண்டு வயது. வேறு எந்த அர்த்தமும் மண்டையில் ஏறவில்லை. போட்டியே இல்லாமல் அந்தப் பாட்டுக்கு முதல் இடம் கொடுத்து, நோட்டில் 'யாரோ' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

அடுத்த வைகாசியில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். மாப்பிள்ளை எப்படியோ என்று அம்மாவுக்குக் கவலை. மேலகரம் என்றதுமே எனக்குச் சம்மதம். பாட்டு புறப்படுகிற இடத்துக்கே அல்லவா போகப்போகிறேன். அவர்களுக்குக் குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் கடை. எண்ணெய், சீயக்காய், சோப்பு, துண்டு என்று குளிக்க வருகிறவர்கள் மறந்துவிட்டு வருகிற எல்லாம் அங்கே கிடைக்கும். வீட்டில் மாமியார், மூத்த மகன், அவர் மனைவி, இளைய மகன். அந்த இளைய மகன்தான் எனக்குப் பார்த்தவர். மூத்தவருக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. தரகர் இதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு வெற்றிலைக்குத் திரும்பினார்.

ஆனியில் முகூர்த்தம். மைக்செட் ஏற்பாடு அண்ணன் பொறுப்பு. நகை, புடவை எதிலும் நான் வாய் திறக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றேன். கடந்த வருஷத்து என்னுடைய பத்துப் பாட்டும் என் கல்யாணத்தில் ஒலிக்க வேண்டும், பத்தாவதில் ஆரம்பித்து ஒன்றாவதில் முடிய வேண்டும். அண்ணன் சிரித்தான், பிறகு ஒத்துக்கொண்டான். ஆனால் நான் வைத்த பெயர்களைச் சொன்னால் எந்த மைக்செட்காரருக்குப் புரியும்? தெரிந்த சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், ராகத்தை முனகிக் காட்டினேன். அண்ணன் எந்தப் பாட்டை முனகினாலும் மாடு ஓட்டுகிற சத்தம்தான் வரும். இருந்தாலும் மைக்செட் கடைக்குப் போய், எழுதியதைக் காட்டி, மாடும் ஓட்டிவிட்டு வந்தான். ஒன்பது பாட்டைக் கடைக்கார அண்ணாச்சி உடனே கண்டுபிடித்துவிட்டாராம். கடைசிப் பாட்டுக்கு மட்டும் எதற்கோ மூன்று தடவை "கல்யாணத்துக்கா தம்பி?" என்று கேட்டாராம். எங்கள் வீட்டில் அதுதான் முக்கியமான பாட்டு என்று இவன் அடித்துச் சொன்னதும் தலையாட்டிவிட்டாராம்.

மைக்செட் தொழிலில் பாதி, எந்த வீட்டில் எதைப் போடக்கூடாது என்று தெரிந்திருப்பது. முதல் தட்டு பிள்ளையார் பாட்டு. தாலி கட்டும்போது ஊசியைத் தூக்கிவிட்டு மேளத்துக்கு வழி விட வேண்டும். பெண் புகுந்த வீட்டுக்குப் புறப்படும்போது போட ஒரு அழுகைப் பாட்டு. துக்க வீட்டுத் தட்டுகளுக்குத் தனிப் பெட்டி, அதை மற்றவற்றோடு கலக்கவே மாட்டார்கள். அதெல்லாம் தெரிந்த மனிதர் மூன்று தடவை கேட்டிருக்கிறார் என்றால் நாங்கள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

கல்யாணத்தன்று நல்ல சாரல். பந்தல் ஓலையில் சொட்டிக்கொண்டே இருந்தது. குழாயை எங்கள் வேப்பமரத்திலேயே கட்டியிருந்தார்கள். நான் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்து, பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். என் பாட்டுகள் ஒவ்வொன்றாக, என் வீட்டு மரத்திலிருந்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி. அப்பாவுக்குக்கூட அன்றைக்குக் கையெழுத்து ஞாபகம் வரவில்லை. தாலி ஏறுகிற நேரத்தில் ஊசியைத் தூக்கியபோது, அடுத்து வரப்போகிற நாலாவது பாட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை என் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதில்லை.

தாலி கட்டியானதும் பால்பழம் கொடுக்க உட்காரவைத்தார்கள். சுற்றி மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள். மூத்த மருமகள், இனி எனக்கு அக்கா, வெள்ளிக் கிண்ணத்தில் பாலும் பழமும் பிசைந்து கரண்டியோடு முன்னால் வந்து குனிந்தாள். அப்போது அந்தப் புல்லாங்குழல் எழுந்தது. வயலின் எழுந்தது. நடுவில் வயல் இல்லை, காற்று இல்லை, ஒரு சொல்லும் தப்பிக்க வழியில்லை. பாடுகிறவள் வாய் திறந்தாள்.

யாரோ இல்லை. ஆராரோ.

ஆராரோ ஆரிரரோ, கண்ணே என் மடியில் உறங்கு என்று தெள்ளத் தெளிவாக, தென்காசி ஊருக்கே கேட்கும்படி ஒரு தாலாட்டு. பந்தலில் சிலர் சிரிக்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, "ஏ, தாலி ஏறி அரமணி நேரம் ஆவல, அதுக்குள்ள தாலாட்டா?" என்றாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. ஏனென்றால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அக்கா பக்கம் திரும்பின. மாமியார் மைக்செட் பக்கம் கையை உயர்த்தினார். யாரோ ஓடினார்கள். ஊசியைத் தூக்கியபோது தட்டில் கீறிய 'கர்ர்' சத்தமும் ஊர் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு பந்தலில் சாரல் சொட்டுகிற சத்தம் மட்டும்தான்.

அக்கா கையில் கரண்டி என் வாய்க்கு நேரே நின்றது. "குடி" என்றாள்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷமாகக் காணாமல் போயிருந்த சொல் கிடைத்துவிட்ட சந்தோஷம். யாரோ இல்லையாம், ஆராரோவாம், இது தெரியாமல் போச்சே என்று என் முகம் பூராச் சிரிப்பு. அக்கா அந்தச் சிரிப்பைத்தான் பார்த்தாள். அவள் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்பது ஒரு நொடி கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பக்கத்திலிருந்த மாப்பிள்ளை, தலையைத் திருப்பாமல், இதை யார் போடச் சொன்னது என்று கேட்டார். நான்தான் என்றேன். "பாட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார். நாங்கள் இருவரும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது அதுதான். இந்த மனிதரோடு காலம் தள்ளிவிடலாம் என்று அப்போதே எனக்குத் தோன்றிவிட்டது. ஆனால் நாள் பூரா அடுப்படியில் சேர்ந்து நிற்கப்போவது அவரோடு இல்லையே, அக்காவோடு அல்லவா?

மேலகரம் வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அக்கா அடுப்பிலிருந்து எடுத்த முதல் தோசையை எனக்குத்தான் போட்டாள். பூக்காரி வந்தால் நீளமான சரத்தை எனக்கு வைத்துவிட்டாள். அவள் ஒவ்வொன்றாகச் செய்யச் செய்ய எனக்குப் பயம் கூடியது. உள்ளே என்ன வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை. நான் சிரித்தது உன்னைப் பார்த்து இல்லை என்று சொல்ல வேண்டும், அதை எங்கே ஆரம்பித்து எப்படிச் சொல்வது? காற்று, வயல், நோட்டு, இடம் போடுவது எல்லாம் சொன்னால்தானே அந்தச் சிரிப்பு புரியும்? சொன்னால் பைத்தியம் என்பார்கள். சொல்லாவிட்டால் ஈவிரக்கமில்லாதவள் என்று ஆகிவிடும்.

இன்னொன்றையும் கவனித்தேன். அந்த வீட்டில் பாட்டு தலைக்கு நேரே கேட்கும், முழுசு முழுசாக. பாட்டுகளுக்கு இத்தனை வார்த்தை உண்டு என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது, சிலதுக்கு இல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் எங்கேயாவது தாலாட்டு மாதிரி ஒன்று கிளம்பிவிட்டால் மாமியார் கையிலிருந்து ஒரு செம்பு கீழே விழும். இல்லாவிட்டால் இல்லாத கோழியை விரட்டுவார். மூத்தவர் அந்த நேரம் பார்த்து எதையாவது சத்தமாகக் கேட்பார். பாட்டு முடிந்ததும் செம்பு அலமாரிக்குப் போய்விடும். முதலில் இதெல்லாம் என் மேல் உள்ள கோபம் என்று நினைத்தேன். இல்லை, அக்கா காதில் விழாமலிருக்கத்தான் என்று புரிய இரண்டு வாரம் ஆயிற்று. அவர்கள் அக்காமேல் வைத்திருந்த பிரியம் அது. நான் அவ்வளவு பெரிய குழாயைக் கட்டி அதையெல்லாம் பாழாக்கியிருக்கிறேன்.

ஆனி முடிகிற சமயம், ஒரு நாள் குற்றாலத்துக் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனோம், அக்காவும் நானும். சீசன் நன்றாகப் பிடித்திருந்தது. கடையில் கூட்டம், ஆண்களுக்கு நிமிர நேரமில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு, கடையிலேயே எண்ணெய் வாங்கித் தலையில் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போனோம். பெண்கள் பக்கம் அன்று தள்ளுமுள்ளு இல்லை. தண்ணீர் தலையில் இறங்கியதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அந்த இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்காது, சொல்லிவிட்டால் சொன்னதாகவும் ஆகும், கேட்காததாகவும் ஆகும் என்று ஒரு கணக்கு. அக்கா பக்கம் திரும்பி, அன்றைக்குப் பாட்டு போட்டது நான்தான், சிரித்தது அந்தச் சொல்லுக்காக, மன்னித்துவிடு என்று மொத்தத்தையும் கத்தினேன்.

அக்கா காதைக் காட்டினாள். மறுபடியும் கத்தினேன். அவள் காதில் விழுந்தது 'பாட்டு' ஒன்றுதான் போலிருக்கிறது. பாடவா சொல்கிறாய் என்று கையால் கேட்டாள். மூன்றாவது தடவை நான் அடித்தொண்டையில் கத்திய நேரத்தில் ஒரு கணம் தண்ணீர் தணிந்தது. "மன்னிச்சிரு அக்கா" என்பது மட்டும் பாறையில் மோதி எல்லாருக்கும் கேட்டது. குளித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஈரத் தலையோடு கடைத்தெருவில் சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு, கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். காற்றிலிருந்து நோட்டு வரை எல்லாவற்றையும் சொன்னேன். 'யாரோ' என்று நினைத்ததைச் சொன்னபோது அக்காவுக்குச் சிரிப்பில் பஜ்ஜி புரையேறிவிட்டது. தலையில் தட்டினேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்.

"நீ போட்டதுக்கு எனக்கு என்னட்டி கோவம்? நிறுத்துனாவல்லா, அதுக்குத்தான் கோவம். பாட்டு ஓடிட்டு இருந்தா எல்லாரும் பாட்டக் கேட்டிருப்பாவ. நிறுத்துன பொறவு கேக்கதுக்கு என்ன இருக்கு? என்னையப் பாத்தாவ."

நான் கையிலிருந்த பஜ்ஜியைக் கீழே வைத்தேன்.

"எட்டு வருசமாச்சு. எங்கன போனாலும், தாலாட்டு ஆரம்பிச்சா யாராவது ஓடிப்போயி ஊசியத் தூக்கிருதாவ. நம்ம வீட்டுல அத்தை செம்பப் போடுதாவ. ஒரு தாலாட்டு எப்படி முடியும்னு நான் கேட்டதே இல்ல. அது எப்படி முடியும்னு ஒனக்காவது தெரியுமா?"

"எனக்கு ஆரம்பமே ஒழுங்காத் தெரியாதேக்கா" என்றேன்.

இதற்கு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், பக்கத்தில் மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்தவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அழ வேண்டிய இடத்தில் சிரித்தோமோ என்று இப்போதும் சில சமயம் நினைப்பேன். இல்லை, சரியாகத்தான் சிரித்தோம்.

ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அண்ணன் வண்டி கொண்டுவந்தான். என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்று அக்காவும் ஏறிக்கொண்டாள். மாமியாருக்கு ஆச்சரியம், ஆனால் தடுக்கவில்லை. தென்காசிக்குள் நுழைந்ததும் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். கோபுர வாசல் காற்று முந்தானையைப் பிடுங்கியது. மைக்செட் கடை திறந்திருந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, அண்ணாச்சி தட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பலகையில் சாய்த்துவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். மூணு தடவை கேட்டேன் தாயீ, ஏதோ உங்க வீட்டு நேர்ச்சைன்னு நெனச்சுட்டேன் என்று அண்ணனைக் கைகாட்டினார். அண்ணன் தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

அக்கா சொன்னாள்: "அந்தப் பிளேட்டப் போடுங்க அண்ணாச்சி. முடியுத வரைக்கும் கைய வைக்கப்பிடாது."

அவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உறையிலிருந்து தட்டை எடுத்தார். அப்போதுதான் முதன்முதலாக ஒரு இசைத்தட்டைப் பக்கத்தில் பார்த்தேன். என் கல்யாணத்தன்று விழுந்த கீறல் அதில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. புது ஊசி மாட்டி, கைப்பிடியைச் சுற்றி, தட்டை வைத்தார். குழாய் இல்லை, பெட்டிதான். புல்லாங்குழல் வந்தது, வயலின் வந்தது. ஆராரோ வந்தது. அக்கா இமைக்காமல் நின்றாள். கீறல் வந்த இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம், பாட்டு அதைத் தாண்டிப் போனது. பழக்கதோஷத்தில் அண்ணாச்சி கை ஊசியை நோக்கி நீண்டது. அக்கா பார்த்தாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இரண்டாவது சரணம் அருமை. அது வரைக்கும் எனக்குத் தெரியவே தெரியாத இடம். பிள்ளையின் தொட்டிலுக்கு நிலாவைக் கட்டி இழுக்கிற மாதிரி குரல் மேலே போய், ஒரு நொடி நின்று, இறங்கியது. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆனால் மூன்றாவது சரணத்தில் என்ன நடந்ததோ தெரியவில்லை. தட்டில் இடம் தீர்ந்துபோச்சு என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. அந்த அம்மாள் பிடித்தாள் ஓட்டம். நாலு வரியை இரண்டு வரி நேரத்தில் பாடி, மூச்சு வாங்கி, வீணையில் ஒரு 'டொய்ங்'. முடிந்துவிட்டது. ஊசி வெறுமனே சுற்றியது.

நான் அக்கா முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அழுதால் என்ன செய்வது என்று அவள் கையைப் பிடிக்கத் தயாராக இருந்தேன். அக்கா நிதானமாக என் பக்கம் திரும்பினாள்.

"இம்புட்டுதானா?" என்றாள். "கடைசியில என்னட்டி, ரயிலுக்கு நேரமாயிட்டா அவளுக்கு?"

அண்ணாச்சிக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. வண்டியில் ஏறிய பிறகும் அக்கா விடவில்லை. இப்படிப் பாடினால் எந்தப் பிள்ளை தூங்கும், தூங்கின பிள்ளையும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும் என்றாள். எங்கள் வீட்டு வாசல் வரை இரண்டாவது சரணத்தைப் பாடிக்கொண்டே வந்தாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருந்தது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, எட்டு வருஷமாக.

ஆடி முடிந்து நான் மேலகரம் திரும்பியபோது நோட்டையும் கூடவே கொண்டுபோனேன். அந்த மார்கழிக் கடைசியில் மேலகரம் வீட்டுத் தட்டட்டியில் நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்தோம். அந்தப் பாட்டு போன வருஷமே பட்டியலில் ஏறியது, சட்டப்படி மறுபடி ஏறக்கூடாது. ஆனால் நான் போன வருஷம் கேட்டது 'யாரோ', இந்த வருஷம் கேட்டது 'ஆராரோ', இரண்டும் வேறு பாட்டு, வண்டியில் அக்கா பாடியதையும் சேர்த்தால் மூன்று தடவை ஆகிவிடுகிறது என்று நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அக்காவுக்காக அதை மறுபடி முதல் இடத்தில் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. பேனாவைத் திறந்து ஒன்றாவது எண்ணுக்கு நேரே வைத்ததும் அக்கா கையைப் பிடித்துவிட்டாள்.

"எனக்காவ ஒன்னும் போட வேண்டாம். நாலாவதுல போடு. அந்தக் கடைசிச் சரணத்த வச்சுக்கிட்டு அதுக்கு மேல போவ முடியாது."

நான் வாதாடிப் பார்த்தேன். புல்லாங்குழலைச் சொன்னேன், இரண்டாவது சரணத்தைச் சொன்னேன். அக்கா அசையவில்லை. அவள் மனசு புண்படும் என்று எட்டு வருஷமாக ஊரே ஓடி ஓடித் தூக்கிய ஊசி, அந்த ஊசிக்கு அடியில் இருந்ததை அவள் சாதாரணமாக ஒரு பாட்டாகப் பார்த்து, நாலாவது இடம் கொடுத்தாள். அது சரியான தீர்ப்புதான். இப்போது நினைத்துப் பார்த்தாலும் நாலுக்கு மேல் போகாது.

தை மாசம் இலஞ்சியில் சொந்தக்காரர் வீட்டில் பிள்ளைக்குப் பேர் வைத்தார்கள். மாமியார், அக்கா, நான், மூன்று பேரும் போனோம். வாசலில் குழாய் கட்டியிருந்தது. நாங்கள் படி ஏறும்போது ஒரு தாலாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நாங்கள் அதுவரை கேட்காத புதுசு. அக்காவைப் பார்த்ததும் அந்த வீட்டுப் பெண் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு மைக்செட்டைப் பார்த்து ஓடினாள். மாமியார் கையும் எதையோ கீழே போடத் தேடியது. அக்கா அந்த இடத்திலேயே நின்று, வாசல் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"யம்மா, ஊசியத் தொடாதீய. நாங்க மார்க்கு போட்டுக்கிட்டு இருக்கோம்."

பிறகு பாயில் உட்கார்ந்து, கண்ணை மூடி, அதைக் கடைசி வரைக்கும் கேட்டாள். அந்த வருஷம் அந்தப் பாட்டுக்கு ஏழாவது இடம் கிடைத்தது.